சேலஞ்ச் ரேட்டிங்: தமிழில் 'வலுவெண்'

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, கதையில் வீரர்களாக நடித்து ஆடும் ஆட்டம். அதை ஆடுபவர்கள் 'சி.ஆர்.' என்று சுருக்கிச் சொல்வது சேலஞ்ச் ரேட்டிங்கைத்தான். வீரர்கள் எதிர்கொள்ளும் ஒவ்வொரு மான்ஸ்டரின் விவரத்திலும் கவச எண் (அதை அடிப்பது எவ்வளவு கடினம்), உயிர்ப்புள்ளி (எவ்வளவு அடி தாங்கும்) இவற்றோடு இந்த எண்ணும் இருக்கும். 2014ஆம் ஆண்டுப் பதிப்பில் இதன் பொருள் இப்படி: நன்றாக ஓய்வெடுத்த, தேவையான ஆயுதங்களோடு இருக்கும் நான்கு வீரர்கள், தங்கள் லெவலுக்கு, அதாவது அனுபவத்தால் ஏறும் படிநிலைக்கு, சமமான சி.ஆர். உள்ள ஒரு மான்ஸ்டரை, யாரையும் பறிகொடுக்காமல் வீழ்த்திவிடலாம். எண் 0 முதல் 30 வரை போகும். 1க்குக் கீழே 1/8, 1/4, 1/2 என்று பின்னங்களும் உண்டு. அரைக்கால், கால், அரை என்று நமக்குத் தனிப்பெயர்களே இருப்பதால், 'கால் சி.ஆர். காப்ளின்' (குட்டிப் பூதம் மாதிரி ஒரு மான்ஸ்டர்) என்பது ஆட்ட மேசையில் சட்டென்று வாயில் வந்துவிடுகிறது.

1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய முதல் பதிப்பில் இந்தச் சொல் கிடையாது. அப்போது 'ஹிட் டைஸ்' மட்டும்தான். அதாவது, எத்தனை பகடை உருட்டி ஒரு மான்ஸ்டரின் உயிர்ப்புள்ளியைக் கணக்கிடுவது என்ற எண்ணிக்கை. அடி தாங்குமா என்பதை அது ஓரளவு சொல்லிவிடும். தொட்டதும் கல்லாக்குமா, நஞ்சு கக்குமா என்பதைச் சொல்லாது. 2000இல் வந்த மூன்றாம் பதிப்புதான் சேலஞ்ச் ரேட்டிங்கைக் கொண்டுவந்தது.

சேலஞ்ச் என்ற சொல்லின் வேர் லத்தீன் 'கலும்னியா'. பொய்க் குற்றச்சாட்டு என்று பொருள். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, குற்றம் சாட்டுவது, வாதத்துக்கு இழுப்பது, சண்டைக்கு அழைப்பது என்று பொருள் நகர்ந்தது. நாம் அதற்கு வைத்திருக்கும் 'சவால்' அரபியின் 'சுஆல்', அதாவது கேள்வி. உருது வழியாக வந்தது. தனித்தமிழில் 'அறைகூவல்' உண்டு.

ஆனால் 'சவால் மதிப்பீடு' என்று நேராகப் பெயர்ப்பதை நான் ஏற்கவில்லை. சவால் என்பது இரண்டு பேருக்கு நடுவில் இருப்பது. சி.ஆர். 2 உள்ள ஓகர் என்ற முரட்டு ராட்சதன் இரண்டாம் லெவல் வீரர்களுக்குச் சவால், பத்தாம் லெவலுக்குப் பொழுதுபோக்கு. இரண்டு இடத்திலும் அதன் சி.ஆர். 2தான். ஆக, அந்த எண் அளப்பது மான்ஸ்டரின் வலுவை மட்டும். பதிவெண், மதிப்பெண் மாதிரி 'வலுவெண்' என்றால் சரியாக இருக்கும்.

2014 பதிப்பின் கணக்கிடும் முறையையும் தமிழில் அழகாகச் சொல்லலாம். உயிர்ப்புள்ளி, கவச எண் இரண்டையும் வைத்து ஒரு எண்: தாங்குவலு. முதல் மூன்று சுற்றுகளில் சராசரியாக எவ்வளவு சேதம் செய்யும், எவ்வளவு குறி தப்பாமல் அடிக்கும் என்பதை வைத்து இன்னொன்று: தாக்குவலு. இரண்டின் சராசரிதான் வலுவெண்.

நான் முதன்முதலில் சொந்தமாக அமைத்தது ஒரு சதுப்புநில முதலை. உயிர்ப்புள்ளி 78, கவச எண் 13, தாங்குவலு 1. ஒரே கடியில் சராசரி 24 சேதம், குறிபார்க்கும் பகடையோடு கூட்டுவது +4, தாக்குவலு 3. சராசரி 2. எதிரே இரண்டாம் லெவலில் நான்கு பேர். விதிப்படி எல்லாம் சரி. முதல் சுற்றிலேயே, 14 உயிர்ப்புள்ளியோடு நின்ற மந்திரக்காரி ஒரே கடியில் மயங்கி விழுந்தாள். அந்தப் பாத்திரத்தை ஆடிய தோழி மீதி நேரமெல்லாம் பகடையைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே பார்த்திருந்தார். அடுத்த வாரம் தலைகீழாக மாற்றினேன்: உயிர்ப்புள்ளி 110, ஒரு சுற்றுக்கு 10 சேதம். தாங்குவலு 3, தாக்குவலு 1, வலுவெண் அதே 2. யாரும் விழவில்லை, சண்டைதான் முடியவே இல்லை. அதனால் இப்போதெல்லாம் வலுவெண்ணைத் தனியாக எழுதுவதில்லை. பக்கத்திலேயே 'தாங்கு 1, தாக்கு 3' என்று குறித்துக்கொள்கிறேன்.

அப்புறம் 'பேலன்ஸ்', அதாவது வீரர்களுக்கு ஏற்ற அளவில் மோதலை அமைப்பது. இதைச் சமநிலை என்றால் பொருளே மாறிவிடும். இரு பக்கமும் சமம் என்றால் பாதிக்குப் பாதி சண்டைகளில் வீரர்கள் சாகவேண்டும். அப்படி யாரும் ஆட்டம் அமைப்பதில்லை. மூன்றாம் பதிப்பின் கணக்கில், லெவலுக்கு ஏற்ற ஒரு மோதல் வீரர்களின் மந்திரம், உயிர்ப்புள்ளி முதலிய இருப்பில் சுமார் ஐந்தில் ஒரு பங்கைத்தான் தின்னும்.

இதற்கு நம்மிடம் இருக்கும் சொல் 'சீர்தூக்கல்'. 471ஆம் குறள் வினைவலி, தன்வலி, மாற்றான் வலி, துணைவலி என்ற நான்கையும் தூக்கிச் செயல்படச் சொல்கிறது. தூக்குதல் என்றால் எடைபோடுதல். வலுவெண் மாற்றான் வலியை மட்டும் சொல்லும். துணைவலியை நாம்தான் கூட்டவேண்டும். கால் வலுவெண் காப்ளின் ஒன்றுக்கு 50 அனுபவப்புள்ளி, அதாவது அதை வீழ்த்தினால் வீரர்களுக்குக் கிடைக்கும் புள்ளி. நான்கு சேர்ந்தால் 200. மூன்று முதல் ஆறு எதிரிகள் சேர்ந்து வந்தால் இரண்டால் பெருக்கு என்கிறது 2014 பதிப்பு, ஏனென்றால் ஒரு சுற்றில் அவை நான்கு முறை அடிக்கும். ஆக 400. தனியாக வரும் ஓகருக்கு 450. நான்கு கால் சேர்ந்தால் ஒன்று என்று நினைத்து காப்ளின்களை இறக்கிவிட்டால், ஏறக்குறைய வலுவெண் இரண்டு வந்து நிற்கும்.