கப்பல் கிளம்பும் முன் முறையிடுங்கள்: பி.எஸ்.சி. ஆய்வும் மாலுமியின் உரிமையும்

ஒரு வணிகக் கப்பல் எந்த நாட்டின் கொடியுடன் ஓடினாலும், அது வந்து நிற்கும் துறைமுகத்தின் அரசுக்கு அதில் ஏறிச் சோதிக்கவும், கடலுக்குப் போகத் தகுதியற்ற நிலையில் இருந்தால் புறப்படவிடாமல் நிறுத்தி வைக்கவும் அதிகாரம் உண்டு. போர்ட் ஸ்டேட் கன்ட்ரோல் என்னும் இந்த ஆய்வைக் கப்பலில் வேலை செய்பவர்கள் பி.எஸ்.சி. என்றே சொல்வார்கள். அதிகாரிகள் தாமாக எப்போதாவது வந்து போகும் சடங்காகத்தான் பெரும்பாலானவர்கள் இதை நினைக்கிறார்கள். ஆனால் கப்பலில் இருக்கும் ஒரு மாலுமியோ, ஊரில் இருக்கும் அவருடைய மனைவியோ தகப்பனாரோ எழுதும் ஒரு முறையீடே அந்த அதிகாரிகளைக் கப்பலுக்கு வரவழைக்கப் போதுமானது. இந்த உரிமை தெரியாமலும், தெரிந்து போன இடத்தில் தவறான பதில் சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டும், உயிரையும் மாதக்கணக்கான சம்பளத்தையும் இழந்தவர்கள் நம் கடலோர மாவட்டங்களில் இருக்கிறார்கள்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1978இல் அமோகோ காடிஸ் என்ற எண்ணெய்க் கப்பல் பிரான்சின் கரையோரம் உடைந்த பிறகு, கொடி கொடுத்த, அதாவது கப்பலைப் பதிவு செய்த நாட்டை மட்டும் நம்பியிருக்க முடியாது என்று ஐரோப்பிய நாடுகள் 1982இல் இந்தத் துறைமுக ஆய்வுக்கான பாரிஸ் உடன்பாட்டைச் செய்துகொண்டன. நம் பகுதிக்கு 1998இல் இந்தியப் பெருங்கடல் உடன்பாடு உருவானது. அதன் செயலகம் கோவாவில் இருக்கிறது, இந்தியாவும் இலங்கையும் அதில் உறுப்பு நாடுகள். வேலை நேரம், சம்பளம், உணவு, தங்குமிடம் ஆகியவற்றைப் பாதுகாப்போடு சேர்த்துப் பார்க்கும் 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தம், அதாவது எம்.எல்.சி., இந்தியாவுக்கு 2016 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. இந்தியத் துறைமுகங்களில் ஆய்வைச் செய்பவர்கள், மும்பையில் இருக்கும் டி.ஜி. ஷிப்பிங் எனப்படும் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் கீழ் வரும் எம்.எம்.டி. என்ற வணிகக் கடல்துறை அலுவலகங்களின் சர்வேயர்கள், அதாவது கப்பல் ஆய்வாளர்கள்.

எல்லாக் கப்பலையும் எல்லாத் துறைமுகத்திலும் சோதிக்க ஆள் கிடையாது. ஆகவே ஆபத்துக் கணக்குப் போட்டுத்தான் கப்பலைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பாரிஸ் உடன்பாட்டு முறையில் ஆபத்து அதிகம் என்று கணித்த கப்பலுக்கு 5 முதல் 6 மாதங்களுக்கு ஒருமுறையும், ஆபத்துக் குறைவு என்று கணித்த கப்பலுக்கு 24 முதல் 36 மாதங்களுக்கு ஒருமுறையும் முறை வருகிறது. ஏறுகிற அதிகாரி முதலில் சான்றிதழ்களைப் பார்க்கிறார், பிறகு கப்பலைச் சுற்றி ஒரு நடை நடக்கிறார். சந்தேகப்படத் தெளிவான காரணம் ஏதாவது தென்பட்டால்தான் ஆழமான சோதனையில் இறங்குகிறார். சில மணி நேரம் மட்டுமே கப்பலில் இருக்கும் ஒருவருக்கு, புதிதாக அடித்த பெயின்ட்டுக்குக் கீழே இருக்கும் துரு தெரியாமல் போகலாம். மாடிப்படியின் தீத்தடுப்புக் கதவைத் தினமும் கயிற்றால் இழுத்துக் கட்டித் திறந்தே வைத்திருப்பார்கள், பி.எஸ்.சி. வருகிறது என்றதும் கயிறு அவிழும், கொக்கி மட்டும் சுவரில் இருக்கும். எமர்ஜென்சி ஃபயர் பம்ப் தண்ணீரை இழுப்பதில்லை என்பதும், உயிர்காப்புப் படகின் இன்ஜின் எத்தனை முறை சுற்றினாலும் பிடிப்பதில்லை என்பதும் அங்கேயே வாழ்கிறவர்களுக்குத்தான் தெரியும். அந்தத் தகவல் அதிகாரியின் கைக்குப் போய்ச் சேராத வரையில் இந்த ஆய்வு முறை பாதிக் கண்ணோடுதான் வேலை செய்கிறது. முறையீடு வந்துவிட்டால், அடுத்த ஆய்வுக்கு இன்னும் காலம் இருக்கிறது என்ற காரணம் செல்லாது. கப்பலில் ஏற அதுவே போதிய காரணமாகிவிடுகிறது.

அதிகாரி எழுதும் குறைகளின் பக்கத்தில் ஒரு எண் இருக்கும். 16 என்றால் 14 நாளுக்குள் சரிசெய்யலாம், கப்பல் போகலாம். 17 என்றால் புறப்படும் முன் சரிசெய்ய வேண்டும். 30 என்றால் கப்பலைத் தடுத்து வைக்கும் அளவுக்கான குறை. உங்கள் முறையீட்டில் ‘கப்பல் மோசமாக இருக்கிறது’ என்று பொதுவாக எழுதியிருந்தால், 16 போட்டுவிட்டுப் போவதற்கு நீங்களே வழி செய்து கொடுத்தவர்கள் ஆகிறீர்கள்.

இனி, மக்கள் சிக்கிக்கொள்ளும் இடங்களைச் சொல்கிறேன்.

முதல் சிக்கல், உங்கள் கலம் எம்.எல்.சி. ஒப்பந்தத்துக்குள் வருகிறதா என்பது. மீன்பிடிப் படகுகள் வராது. மரபு முறையில் கட்டிய மரக்கலங்களும் வராது. வளைகுடா நாடுகளுக்கு மீன்பிடி வேலைக்குப் போகும் கன்னியாகுமரி, ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர்களும், தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றும் தோணித் தொழிலாளர்களும் எம்.எல்.சி. முறையீட்டை எழுதிவிட்டுக் காத்திருந்து காலத்தை இழக்கக் கூடாது. வெளிநாட்டில் இருப்பவர்கள் உடனே இந்தியத் தூதரகத்துக்கு எழுத வேண்டும். ஆனால் இதன் மறுபக்கத்தையும் கவனியுங்கள். மொத்த டன் அளவு (ஜி.டி.) 500க்குக் குறைவான சரக்குக் கப்பலுக்கு எம்.எல்.சி. சான்றிதழ் கட்டாயமில்லை. இதைப் பிடித்துக்கொண்டு, ‘சான்றிதழே தேவையில்லாத கப்பல், முறையீடு செல்லாது’ என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு. அது தவறு. சான்றிதழுக்குத்தான் விலக்கு, மாலுமியின் உரிமைக்கு விலக்கு இல்லை. அதேபோல, கொடி கொடுத்த நாடு ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை என்பதும் காரணமாகாது. ஒப்பந்தத்தை ஏற்ற நாட்டின் துறைமுகத்துக்கு வந்துவிட்டால் எந்தக் கொடிக்கும் சலுகை கிடையாது.

இரண்டாவது சிக்கல் ஏஜென்ட். ஆர்.பி.எஸ்.எல். என்னும் மாலுமி ஆள்சேர்ப்பு உரிமம் பெற்ற நிறுவனம் வழியாகத்தான் சைன் ஆன் செய்ய, அதாவது கப்பலில் வேலைக்குச் சேர வேண்டும். அந்த உரிமம் இருக்கிறதா, இன்றைய தேதியில் செல்லுமா என்று டி.ஜி. ஷிப்பிங் இணையதளத்தில் பணம் கொடுக்கும் முன்பே பார்த்துவிட வேண்டும். பாஸ்போர்ட், சி.டி.சி. எனப்படும் மாலுமிப் பதிவுப் புத்தகம், மருத்துவச் சான்றிதழ் ஆகிய செலவுகளைத் தவிர, வேலை வாங்கித் தருவதற்கென்று மாலுமியிடம் ஒரு ரூபாய் கூட வாங்கக் கூடாது என்பது விதி. விசா செலவு கூட முதலாளியுடையது. இது தெரிந்தும் லட்சக்கணக்கில் வாங்குகிறார்கள், ரசீதும் தருவதில்லை. பிறகு கப்பலில் பிரச்சினை வந்ததும், ‘உரிமம் இல்லாத ஏஜென்ட் மூலம் போனவர், எங்களால் ஒன்றும் செய்ய இயலாது’ என்ற பதில் வருகிறது. ஏஜென்ட் மேல் நடவடிக்கை எடுப்பதற்குத்தான் உரிமம் சம்பந்தப்படும். கப்பலில் ஃபயர் பம்ப் ஓடவில்லை, குடிதண்ணீர் இல்லை, சம்பளம் வரவில்லை என்ற முறையீட்டுக்கு, அந்த மாலுமி யார் வழியாகப் போனார் என்பது ஒரு பொருட்டே இல்லை. இந்த இரண்டையும் ஒரே கடிதத்தில் கலந்து எழுதாதீர்கள். ஏஜென்ட் விவகாரத்தைத் தனியாகவும் கப்பல் விவகாரத்தைத் தனியாகவும் அனுப்புங்கள். கலந்து எழுதினால் ஒன்றைக் காட்டி மற்றதை ஒதுக்கி வைத்துவிடுவார்கள்.

மூன்றாவது, உங்கள் கையெழுத்து. எந்த 24 மணி நேரத்திலும் குறைந்தது 10 மணி நேரமும், எந்த 7 நாளிலும் குறைந்தது 77 மணி நேரமும் ஓய்வு கிடைக்க வேண்டும். அந்த 10 மணி நேரத்தை இரண்டு துண்டுக்கு மேல் பிரிக்கக் கூடாது, ஒரு துண்டாவது 6 மணி நேரம் நீள வேண்டும். இதற்கான பதிவேட்டில் மாலுமியும் கையெழுத்துப் போட வேண்டும், அவருக்கு ஒரு நகலும் தர வேண்டும். மாதக் கடைசியில் முன்கூட்டியே நிரப்பிய தாளை நீட்டுகிறார்கள், மறுத்தால் ரிப்போர்ட் கெட்டுவிடும் என்ற பயத்தில் எல்லாரும் போட்டுவிடுகிறார்கள். விபத்து நடந்த பிறகு, களைப்பில் இருந்தேன் என்று நீங்கள் சொல்லும்போது, அந்தத் தாளைத்தான் உங்கள் முன் வைப்பார்கள். மறுக்க முடியாத நிலையில் இருப்பவர்கள், உண்மையாக வேலை செய்த நேரத்தைத் தினமும் தேதியோடு தனி நோட்டில் எழுதி, அதைப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பி வையுங்கள்.

நான்காவது, ‘முதலில் கேப்டனிடம் சொல்லிவிட்டு வாருங்கள்’ என்ற பதில். கப்பலுக்குள்ளேயே முறையீட்டு வழி இருக்க வேண்டும் என்பது விதிதான். அதன் நகலை வேலை ஒப்பந்தத்தோடு சேர்த்து உங்களுக்குத் தந்திருக்க வேண்டும் என்பதும் விதிதான், அதைக் கையில் வாங்கியவர்கள்தாம் அரிது. ஆனால், தேவை என்று கருதினால் மாலுமி நேரடியாக வெளி அதிகாரிகளிடம் போகலாம் என்று அதே விதி சொல்கிறது. கேப்டனே குறைக்குக் காரணமாக இருக்கும்போது அவரிடம் போய் வரச் சொல்வது, ஆளைக் காட்டிக் கொடுப்பதற்குச் சமம். ‘கப்பலுக்குள் முறையிடுவது எனக்குப் பாதுகாப்பாக இல்லை’ என்ற ஒரு வரியைக் கடிதத்தின் தொடக்கத்திலேயே எழுதிவிட்டால் இந்த வாயிலில் நிறுத்தப்பட மாட்டீர்கள்.

எப்போது எழுதுவது என்பதில்தான் மிக அதிகமானவர்கள் தோற்கிறார்கள். கப்பல் துறைமுகத்தை விட்டுப் போன பின் வரும் முறையீட்டை, ‘அடுத்த துறைமுகத்தில் கொடுங்கள்’ என்று மூடிவிடுவார்கள். கப்பல் வந்து சேரும் நாளன்றே முறையீடு அங்கே இருக்க வேண்டும். கப்பலின் பெயர், கொடி, நிற்கும் பெர்த் அல்லது நங்கூர இடம், கிளம்பும் தேதி, அடுத்த துறைமுகம் ஆகியவற்றை எழுதுங்கள். ஐ.எம்.ஓ. எண் என்னும் கப்பலின் அடையாள எண்ணை விட்டுவிடாதீர்கள், பெயரும் கொடியும் மாறிக்கொண்டே இருக்கும் கப்பலில் மாறாமல் இருப்பது அந்த ஏழு இலக்கம் மட்டுமே. பிறகு குறைகளை இடம் குறிப்பிட்டு, எந்தத் தேதியிலிருந்து என்றும் சேர்த்து எழுதி, கயிறு கட்டிய நிலையிலேயே எடுத்த கதவின் படத்தை இணையுங்கள். கப்பலின் பாதுகாப்பில் அக்கறை உள்ள எவரும் முறையீடு கொடுக்கலாம் என்று எம்.எல்.சி. ஒப்பந்தமே சொல்வதால், கப்பலில் சிக்னல் இல்லாதபோது வீட்டிலிருந்து அனுப்புவது முழுக்கச் செல்லும். ‘சம்பந்தப்பட்டவர் நேரில் வர வேண்டும்’ என்று ஒரு தாயைத் திருப்பி அனுப்பினால், அந்தப் பதிலை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் கேட்டதுமே பெரும்பாலும் கடிதத்தை வாங்கிக்கொள்கிறார்கள்.

முறையீட்டாளரின் பெயரை அதிகாரிகள் வெளியிடக் கூடாது. ஆனாலும் இருபது பேர் இருக்கும் கப்பலில், சமையலறைக் குறையை மட்டும் எழுதினால் குக் மேல்தான் சந்தேகம் விழும். ஆகவே டெக், இன்ஜின் ரூம், தங்குமிடம் என்று பல இடத்துக் குறைகளைச் சேர்த்து எழுதுங்கள். வழக்கமான ஆய்வாகவே நடத்தும்படி கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்த அலுவலகம் என்ற அலைக்கழிப்புக்கு ஒரு வழி உண்டு. இந்தியத் துறைமுகத்தில் நிற்கும் கப்பலின் பாதுகாப்புக் குறை என்றால் அந்தத் துறைமுகத்தின் எம்.எம்.டி.; நம் ஊரில் அது சென்னையிலும் தூத்துக்குடியிலும் இருக்கிறது. வெளிநாட்டில் நிற்கும் கப்பல் என்றால் அந்த நாட்டின் கடல்துறை அதிகாரிகள், நகல் டி.ஜி. ஷிப்பிங்குக்கும் தூதரகத்துக்கும். ஏஜென்ட் ஏமாற்றினார் என்றால் டி.ஜி. ஷிப்பிங்கோடு காவல் நிலையமும். எல்லாருக்கும் ஒரே மின்னஞ்சலில் அனுப்புங்கள். இன்னொருவருக்கும் போயிருக்கிறது என்று தெரிந்தால் ஒருவர் மேல் ஒருவர் தள்ளிவிடுவது குறைகிறது.

சம்பளத்துக்குத் தனி எச்சரிக்கை. வேலை ஒப்பந்தப்படியான சம்பளம் இரண்டு மாதம் வராவிட்டால், அந்த மாலுமியைக் கைவிடப்பட்டவராகக் கருதலாம். 2017 ஜனவரி முதல் இதற்கான நிதிப் பாதுகாப்பு ஒவ்வொரு கப்பலுக்கும் இருக்க வேண்டும். அதன் சான்றிதழ் எல்லார் கண்ணிலும் படும்படி கப்பலில் ஒட்டப்பட்டிருக்கும். ஏறிய அன்றே அதைப் படம் எடுங்கள். அந்தப் பாதுகாப்பு நான்கு மாதச் சம்பளம் வரைதான் ஈடுகட்டும். ‘அடுத்த வாரம் வந்துவிடும்’ என்ற வார்த்தையை நம்பி ஓராண்டு ஓடாத கப்பலில் கிடந்தவர்களுக்கு மீதி மாதங்கள் அந்தப் பாதுகாப்பிலிருந்து கிடைக்காது. இரண்டு மாதம் முடிவதற்குள் நூறு இருநூறு டாலரைக் கையில் கொடுத்துக் கணக்கைக் கலைக்கும் முதலாளிகள் இருக்கிறார்கள். வாங்கும்போது ‘பகுதித் தொகை மட்டும், இவ்வளவு பாக்கி’ என்று எழுதித்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

ஊருக்கு அனுப்பும் நாளில் டிக்கெட்டோடு ஒரு தாளும் வரும். எல்லாப் பாக்கியும் தீர்ந்தது, இனி உரிமை கோர மாட்டேன் என்று அதில் இருக்கும். பணம் வங்கியில் ஏறாமல் அதில் கையெழுத்துப் போடாதீர்கள். சம்பளப் பாக்கிக்குக் கப்பல் மேலேயே உரிமை உண்டு; முதலாளி கப்பலை விற்றாலும் அது தொடரும். கடல்சார் உரிமைக் கோரிக்கைகளுக்கான 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி, அந்தக் கப்பல் தமிழகக் கடற்பகுதிக்கு வந்தால் சென்னை உயர் நீதிமன்றத்தில் அதை நிறுத்தி வைக்கக் கேட்கலாம். சம்பளம் சேர வேண்டிய நாளிலிருந்து இரண்டு ஆண்டு வரைதான் அந்த உரிமை உயிரோடு இருக்கும். அதற்குத் தேவையானவை வேலை ஒப்பந்தம், சி.டி.சி.யின் சைன் ஆன், சைன் ஆஃப் பக்கங்கள், சம்பளச் சீட்டுகள், வங்கிக் கணக்கு விவரம். இவற்றின் நகல் கப்பல் ஏறும் முன்பே வீட்டில் இருக்கட்டும். கிடைக்கக் கிடைக்கப் புதிய சீட்டுகளையும் அனுப்பிக்கொண்டே இருங்கள், ஏனென்றால் தகராறு தொடங்கிய பிறகு அசல்கள் கேப்டனின் அலமாரியில் பூட்டப்பட்டிருக்கும்.