நீராவி ஆலை

“மாமா, அங்கை நீராவியையோ அரைக்கிறவை?”

ஆங்கில ‘ஸ்டீம் மில்’லை யாரோ ‘நீராவி ஆலை’ என்று தமிழாக்கியிருந்ததை வாசித்துவிட்டு மருமகள் கேட்டாள். சிரிப்பு வந்தாலும் கேள்வி நியாயமானது. கரும்பாலைக்குள் கரும்பு போகிறது. அரிசி ஆலையிலிருந்து அரிசி வருகிறது. காற்றாலையைக் காற்றுச் சுற்றுகிறது. மன்னார்த் தீவில் வரிசையாக நிற்கும் காற்றாலைகளில் ஒரு பிடி குரக்கனும் அரைபடுவதில்லை. முன்சொல் போவதா, வருவதா, சுற்றுவதா என்று நாங்கள்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். நீராவி ஆலை காற்றாலையின் இனம்; அதை நீராவி சுற்றுகிறது.

வன்னியில் கடைப் பலகைக்குத்தான் ‘ஆலை’, வாய்க்கு ‘மில்’. “மில்லிலை மா திரிச்சுக்கொண்டு வா” என்பார்கள். திரிதல் என்றால் சுழலுதல். திரிகைக்கல் அதில் பிறந்தது. மில் லத்தீனில் அரைகல்லைக் குறிக்கும் ‘மோலா’வின் வழி வந்தது. கடைவாய்ப் பல்லை ஆங்கிலத்தில் ‘மோலார்’ என்பதும் அதனால்தான்.

ஆலையும் நேற்று முளைத்த சொல் அல்ல. கரும்பு பிழிந்து பாகு காய்ச்சும் இடத்தைப் பெரும்பாணாற்றுப்படை ‘புகைசூழ் ஆலை’ என்கிறது. அங்கே எந்திரத்தின் ஓசை ஓய்வதில்லையாம். இரைச்சலும் புகையும்! நீராவி மில்லுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

குழப்பம் ‘நீராவி’யில்தான். முல்லைத்தீவுச் செம்மலைப் பக்கம் நீராவியடிப் பிள்ளையார் இருக்கிறார். அங்கே கொதிகலன் எதுவும் இருந்ததில்லை. அந்த ‘ஆவி’ வாவி, அதாவது குளம். உலைமூடியைத் தூக்கும் ஆவி வேறு சொல். எழுத்து மட்டும் ஒன்று.

உலைமூடியைத் தூக்கும் அந்த ஆவிதான் மில்லையும் ஓட்டியது. கொதிகலனில் அடைபட்ட ஆவி பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் சில்லைச் சுழற்றும், சில்லு அரைகல்லைத் திருப்பும். ஜேம்ஸ் வாட்டின் எஞ்சினோடு லண்டனில் அல்பியன் மில் 1786இல் இப்படித்தான் மா அரைக்கத் தொடங்கியது. 1791இல் எரிந்துபோனது. ஆற்றோரமோ காற்று வீசும் மேடோ தேடாமல், விறகோ நிலக்கரியோ கொண்டுவரக்கூடிய எந்தச் சிற்றூரிலும் மில் வைக்கலாம் என்ற நிலை நீராவியால் வந்தது. நாட்டுப்புறங்களில் இன்றும் நிற்கும் பழைய மில் புகைபோக்கிகள் அந்தக் காலத்து மிச்சம்.

சரி, ‘ஸ்டீம் மில்’லைத் தமிழில் எப்படி எழுதலாம்? ‘நீராவி மில்’ பாதித் தமிழ். ‘நீராவி ஆலை’ சுருக்கம், ஆனால் இங்கே இன்னொரு சிக்கல். எங்கள் புழுங்கல் அரிசி ஆலைகளிலும் உமி எரித்து ஆவி எடுக்கிறார்கள். அந்த ஆவி நெல்லைப் புழுக்க. குத்துகிற மெசினுக்கு மின்சாரம். அதனால் பழைய மில்லைப் பற்றி எழுதும்போது முதல் தடவை ‘நீராவியால் ஓடும் மா ஆலை’ என்று நீட்டி எழுதிவிட்டு, அப்புறம் வெறும் ஆலை என்றே போகலாம். மருமகளுக்கும் அப்படித்தான் சொன்னேன். “அப்ப மில் எண்டே சொல்லலாமே” என்றாள்.