சாவிக்கொத்து வேண்டாம், கடிகாரத்தைப் பாருங்கள்

என் வேலை தலையில் ஒயர் ஒட்டுவது. மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. பரிசோதனைக்கு வருகிறவர்களின் தலையை டேப்பால் அளந்து, பென்சிலால் புள்ளி வைத்து, பசை தடவி, 21 ஒயர்களை ஒட்டுகிறேன். சென்னையில் இந்த வேலைக்கு வந்து 20 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. எல்லோரும் என்னை "சிஸ்டர்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். நான் செவிலியர் இல்லை, ஆனால் திருத்துவதை எப்போதோ நிறுத்திவிட்டேன்.

ஒட்டி முடிக்க அரை மணி நேரம் பிடிக்கும். எண்ணெய் வைக்காமல் தலைக்கு ஷாம்பு போட்டுக் குளித்துவிட்டு வாருங்கள் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தாலும், நல்லெண்ணெய் மினுமினுக்க, முழம் மல்லிகையோடு வந்து உட்காருகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு இன்னும் கூடுதல் நேரம். டாக்டரின் அறையில் வாய் திறக்காதவர்கள்கூட இந்த அரை மணியில் பேசிவிடுவார்கள். நான் தலைக்குப் பின்னால் நிற்பதால் என் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டியதில்லை. அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

வலிப்பு நோய்க்காக வருகிறவர்கள் சொல்வதில் வலிப்பைப் பற்றிய பேச்சு குறைவு. அதைப் பார்த்துப் பிறர் சிரித்த சிரிப்பைப் பற்றியதுதான் அதிகம். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டிக்கொண்டிருந்த ஒருவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "விழுந்தது எனக்கு ஞாபகம் இல்லை சிஸ்டர். கண் விழித்தபோது யாரோ என்னைப்போலவே கையை உதறிக் காட்டிக்கொண்டிருந்தார், நாலு பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதிலிருந்துதான் எனக்கு ஞாபகம் தொடங்குகிறது."

இந்தக் கேலிகளை இத்தனை ஆண்டுகள் கேட்டதில் எனக்கு ஒன்று பிடிபட்டது. ஒவ்வொரு கேலிக்குள்ளும் ஒரு தவறான வைத்தியம் ஒளிந்திருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டால், பதில் சொல்லத் தெரியாமல் நிற்பவருக்கும் ஒரு பதில் கிடைத்துவிடுகிறது.

எல்லோருக்கும் தெரிந்த சாவிக்கொத்தையே எடுத்துக்கொள்வோம். மேடையில் ஒருவர் கையைக் காலை உதறுவார், இன்னொருவர் ஓடிவந்து கையில் சாவியைத் திணிப்பார், உடனே ஆட்டம் நின்றுவிடும், அரங்கம் சிரிக்கும். இதைப் பார்த்து வளர்ந்த ஊர் இது. எனவே கடற்கரை - தாம்பரம் மின்சார ரயிலில் ஒருவர் விழுந்தால் பெட்டியில் இருக்கும் பத்துப் பேரும் முதலில் தேடுவது இரும்பைத்தான். சாவி, கம்பி, சில நேரம் கத்தி. மூளையில் நரம்பு அணுக்கள் ஒரே நேரத்தில் மிதமிஞ்சி மின்சாரம் பாய்ச்சுவதுதான் வலிப்பு. உள்ளங்கையில் இருக்கும் இரும்புக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் கிடையாது.

பிறகு எப்படி "சாவி கொடுத்தோம், நின்றது" என்று இத்தனை பேர் சத்தியம் செய்கிறார்கள்? பெரும்பாலான வலிப்புகள் ஒன்றிலிருந்து மூன்று நிமிடத்துக்குள் தாமாகவே அடங்கிவிடும். பையைத் துழாவிச் சாவியை எடுத்து, இறுகிய விரல்களைப் பிரித்துத் திணிப்பதற்கே அவ்வளவு நேரம் ஆகிவிடும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. பழம் விழுந்த புண்ணியம் சாவிக்குப் போய்விடுகிறது. விரல்களைப் பிரிக்கப் போராடியதில் மணிக்கட்டு பிசகிக்கொண்டு வந்தவரையும், வாய்க்குள் ஸ்பூன் வைத்ததில் முன்பல் உடைந்துவந்தவரையும் பார்த்திருக்கிறேன். நாக்கை விழுங்கிவிடுவார் என்பது பயம்தான், நாக்கை யாராலும் விழுங்க முடியாது. கடித்த நாக்கு ஆறிவிடும், உடைந்த பல் முளைக்காது.

காக்கை என்றதும் பெரம்பூரிலிருந்து வந்த ஒரு பத்தாம் வகுப்பு மாணவி நினைவுக்கு வருகிறாள். காலும் கையும் இழுப்பதால் "கால் கை வலிப்பு" என்று சொன்னது வாயில் தேய்ந்து "காக்காய் வலிப்பு" ஆயிற்று என்பார்கள். பள்ளியில் இந்தப் பெயர் ஆராய்ச்சி யாருக்கு வேண்டும்? ஒருநாள் பிரார்த்தனைக் கூட்டத்தில் அவள் விழுந்த பிறகு, வகுப்புக்குள் நுழைந்தாலே பின்வரிசையிலிருந்து "கா, கா" என்று சத்தம் வருமாம். இரண்டு வாரம் பொறுத்தாள். மூன்றாவது வாரம் மதிய உணவு நேரத்தில் டிபன் பாக்ஸிலிருந்து ஒரு பிடி சோற்றை எடுத்து ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு, பின்வரிசையைப் பார்த்து, "ரொம்ப நேரமாகக் கத்துகிறீர்களே, பசியா?" என்று கேட்டிருக்கிறாள். வகுப்பே சிரித்தது. சத்தம் அன்றோடு நின்றது என்றாள்.

அவள் சொன்னபோது நானும் ஒயரைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தேன். ஆனால் வீட்டுக்குப் போகும் வழியில் உறுத்தியது. ஆசிரியர்கள் இருக்கும் பள்ளியில் பதினைந்து வயதுக் குழந்தை தன் புத்திசாலித்தனத்தால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டியிருந்ததே? எல்லாக் குழந்தைக்கும் அந்த நாக்கு வாய்க்காது. வாய்க்காத குழந்தையிடம் "நீயும் சிரித்துவிடு, விட்டுவிடுவார்கள்" என்று சொல்கிற பெற்றோரைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. அந்தப் பிள்ளை சிரிக்கக் கற்றுக்கொள்ளும், கூடவே மாத்திரையை மறைக்கவும் கற்றுக்கொள்ளும்.

கேலியால் வருகிற பெரிய சேதம் அந்த மறைத்தல்தான். மனம் புண்படுவது ஒருபுறம். அலுவலகத்தில் யாரும் பார்த்துவிடக் கூடாது என்று காலை மாத்திரையைத் தள்ளிப்போடுவது, விடுதி அறையில் தோழிகள் தூங்கிய பிறகு விழுங்கலாம் என்று காத்திருந்து தூங்கிவிடுவது, இரவு முழுவதும் விழித்து ஊர் சுற்றக் கூப்பிட்டால் மறுக்கக் காரணம் சொல்ல முடியாமல் கூடவே போவது. மாத்திரை தவறுவதும் தூக்கம் கெடுவதும்தான் அடங்கியிருந்த வலிப்பைத் திரும்ப அழைத்துவரும் முக்கியக் காரணங்கள். கேலிக்குப் பயந்து மறைக்கிறார்கள், மறைத்ததால் எல்லோர் முன்னிலையிலும் விழுகிறார்கள். என் நாற்காலியில் யாராவது உட்கார்ந்து இந்தக் கதையைச் சொல்லாத வாரம் இல்லை. உலகத்தில் சுமார் 5 கோடிப் பேருக்கு இந்த நோய் இருப்பதாகவும், சரியான சிகிச்சை கிடைத்தால் 70 சதவீதம் பேர் வரை வலிப்பே இல்லாமல் வாழலாம் என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்தச் சிகிச்சை என்பது பெரும்பாலும் நேரம் தவறாமல் விழுங்கும் ஒரு சிறு மாத்திரைதான்.

கீழே விழாத வலிப்பும் உண்டு. அதற்கு வரும் கேலி வேறு.

எட்டு வயதுப் பெண் குழந்தை. பள்ளியில் அவள் பெயர் "டியூப்லைட்". வீட்டிலும் அதே பெயர்தான், அப்பாவே செல்லமாகக் கூப்பிடுவாராம். கேட்டால் பதில் வராது, எழுதிக்கொண்டே இருப்பவள் நின்றுவிடுவாள், டிக்டேஷனில் நடுவே வார்த்தைகள் விட்டுப்போகும். கவனம் இல்லை என்று ஆசிரியை அடித்ததில் கையில் தடம் இருந்தது. பரிசோதனையில் ஒரு கட்டத்தில் மூன்று நிமிடம் ஆழமாக மூச்சு விடச் சொல்வோம். குழந்தைகளுக்கு அது அலுத்துவிடும் என்பதால் ஊதினால் சுற்றும் காகிதக் காற்றாடி ஒன்றைக் கையில் கொடுப்பேன். (சென்னையில் காற்றாடி என்றால் பட்டம். நான் சொல்வது மெரினாவில் குச்சியில் செருகி விற்பார்களே, அது.) ஊதிக்கொண்டே இருந்தாள். இரண்டாவது நிமிடத்தில் காற்றாடி மெல்ல நின்றது. கண் திறந்திருந்தது, இமை லேசாகத் துடித்தது. திரையில் எல்லாக் கோடுகளும் ஒன்றாக எழுந்து விழுந்தன, ஒரு விநாடிக்கு மூன்று என்ற கணக்கில், வரைந்து வைத்தாற்போல. நான் "மாம்பழம்" என்று சத்தமாகச் சொன்னேன். பத்து விநாடி இருக்கும். கோடுகள் அடங்கின, காற்றாடி மறுபடி சுற்றத் தொடங்கியது, ஒன்றுமே நடக்காததுபோல.

"நான் இப்போது என்ன பழம் சொன்னேன் கண்ணு?"

"நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே ஆன்ட்டி."

பக்கத்தில் நின்ற தாய் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். ஒரு நாளைக்குப் பலமுறை அந்தக் குழந்தைக்கு இப்படிப் பத்து விநாடிகள் காணாமல் போய்க்கொண்டிருந்தன. முடிவைச் சொல்வது டாக்டரின் வேலை, நான் சொல்லக் கூடாது. காற்றாடியை வீட்டுக்கு எடுத்துப்போகச் சொன்னேன். உங்கள் வகுப்பிலோ வீட்டிலோ யாருக்காவது "டியூப்லைட்" என்று பெயர் வைத்திருந்தால், அந்தப் பெயரைச் சொல்லும் முன் ஒருமுறை நரம்பியல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

நான் யோக்கியமானவள் என்று சொல்லிக்கொள்ள வரவில்லை. படிக்கிற காலத்தில் விடுதி ஆண்டுவிழாவில் என் தோழி வலிப்பு வந்ததுபோல நடித்தாள். ஓடிப்போய் அவள் கையில் என் அறைச் சாவியைத் திணித்தவள் நான்தான். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து கைதட்டிய ஒருத்தி இரண்டு ஆண்டுகளாக மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தாள் என்பது படிப்பு முடிந்து போகிற அன்றுதான் தெரிந்தது. அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை இப்போது தினமும் வேறு வேறு முகங்களில் பார்க்கிறேன்.

அலுவலகக் கேலிகள் கொஞ்சம் நாகரிகமாக இருக்கும், அவ்வளவுதான். விளக்கு மினுக்கினால் "பார்த்து, இவர் விழுந்துவிடப் போகிறார்" என்பார்கள். மின்னும் ஒளியால் தூண்டப்படுகிற வகை, வலிப்பு நோயாளிகள் 100 பேரில் சுமார் 3 பேருக்குத்தான். பரிசோதனையின்போது நாங்களே கண்ணுக்கு முன்னால் விளக்கை மினுக்கிப் பார்த்துவிடுகிறோம், உங்களுக்கு அது உண்டா இல்லையா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளலாம். "தலையில் கரண்ட் வைத்தார்களா?" என்பது இன்னொன்று. இந்த இயந்திரம் மின்சாரம் எதையும் உள்ளே அனுப்புவதில்லை, மூளையில் இருப்பதை எழுதிக்கொள்கிறது. கீழ்ப்பாக்கம் கேலி உங்களுக்கே தெரியும். 1794-இலிருந்து இருக்கிற ஒரு மனநல மருத்துவமனையை வசைச்சொல்லாக மாற்றிய பெருமை நம் ஊருக்கு உண்டு. வலிப்பு மனநோய் அல்ல. மனநோயாக இருந்தாலும் கேலிக்கு உரியதல்ல. கல்யாணப் பேச்சில் வரும் குத்தலுக்கு மட்டும் ஒரு தகவல்: இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பு நோய் திருமணத்துக்குத் தடை என்றிருந்ததை 1999-இல் நீக்கிவிட்டார்கள். உறவுக்காரர்களுக்குத்தான் இன்னும் செய்தி போய்ச் சேரவில்லை.

சரி, கேலி செய்தால் என்ன செய்வது? என் நாற்காலியில் உட்காருகிறவர்களிடம் நான் சொல்வது சின்ன விஷயம். கேலியோடு மல்லுக்கு நிற்க வேண்டாம், அதில் இருக்கும் வைத்தியத்தை மட்டும் திருத்துங்கள். "சாவி எடுத்துவரட்டுமா?" என்று ஒருவர் சிரித்தால், "சாவி வேண்டாம், மணியைப் பாருங்கள். என்னை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்குக் கீழே ஏதாவது மெத்தென்று வையுங்கள். அமுக்கிப் பிடிக்காதீர்கள், வாயில் எதுவும் வைக்காதீர்கள். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் அடுத்தது வந்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள்" என்று சாதாரணக் குரலில் சொல்லிவிடுங்கள். நான் பார்த்தவரை, வேலை கொடுக்கப்பட்டவன் கேலி செய்வது குறைந்துவிடுகிறது. அடுத்த முறை நீங்கள் விழுந்தால் கடிகாரத்தைப் பார்ப்பவனும் பெரும்பாலும் அவனாகத்தான் இருப்பான்.

எல்லோரிடமும் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்து இருக்கைக்காரர் ஒருவருக்குத் தெரிந்தால் போதும். சொல்ல மனமில்லாத நாளில் எழுந்து போய்விடுங்கள், அதுவும் பதில்தான். இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். முன்பெல்லாம் சிரித்து நகர்ந்தவர் இப்போது சின்னக் கேலிக்கும் டம்ளரை எறிகிறார் என்றால், அது ரோஷம் என்று மட்டும் நினைக்காதீர்கள். லெவடிராசிடம் போன்ற சில மாத்திரைகள் சிலருக்கு எரிச்சலையும் கோபத்தையும் கூட்டும். டாக்டரிடம் சொன்னால் மாற்று வழி பார்ப்பார். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

சென்ற மாதம் ஓர் இளைஞர் மறுபரிசோதனைக்கு வந்தார். முதல்முறை வந்தபோது, பிறந்தநாளுக்கு நண்பர்கள் பெரிய சாவிக்கொத்து ஒன்றைப் பரிசுத் தாளில் சுற்றிக் கொடுத்ததைச் சொல்லிவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தவர். இந்த முறை பையிலிருந்த பொருட்களைத் தட்டில் வைக்கச் சொன்னபோது அதே கொத்தை எடுத்து வைத்தார். வீட்டுச் சாவி அதில் தொங்கியது. கூடவே பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு சிறு அட்டை. கையெழுத்து அவருடையது:

"எனக்கு வலிப்பு நோய் உண்டு. ஒருக்களித்துப் படுக்கவைக்கவும். வாயில் எதுவும் வைக்க வேண்டாம். நேரத்தைப் பார்க்கவும், 5 நிமிடம் தாண்டினால் 108. இந்தச் சாவியை என் கையில் திணிக்க வேண்டாம், தொலைக்கவும் வேண்டாம். வீட்டில் மாற்றுச் சாவி கிடையாது."