கேமராவை மூடிவிட்டு அகராதியைத் திறங்கள்

சீனம் கற்றுக்கொடுப்பது என் தொழில். என்னிடம் வருபவர்களில் மருத்துவம் படிக்கச் சீனாவுக்குப் போகும் பிள்ளைகள் நிறைய. கல்லூரியில் பாடம் ஆங்கிலத்திலேயே நடந்துவிடும். வார்டுக்குள் நுழைந்தால்தான் சிக்கல். நோயாளி பேசுவது, மருந்துப் பெட்டியில் அச்சாகியிருப்பது எல்லாம் சீனம். பேச்சை எப்படியோ சமாளித்துவிடுகிறார்கள். எழுத்து என்றதும் கை போனுக்குப் போகிறது. கேமராவைக் காட்டினால் அர்த்தம் வந்துவிடும். அடுத்த வருடமும் அதே எழுத்துக்கு அதே கேமராதான்.

அவசரத்துக்கு அதைச் செய்வதில் தப்பில்லை, நானும் செய்வேன். ஆனால் வாசிக்கப் பழக வேண்டுமென்றால் எழுத்தகராதியில் தேடத் தெரிய வேண்டும். தேடும்போதுதான் கண் அந்த எழுத்தைப் பிரித்துப் பார்க்கிறது.

அகராதி என்றதும் பலர் பின்யின் வரிசையைத்தான், அதாவது சீன ஒலியை ஆங்கில எழுத்தில் எழுதி அடுக்கும் வரிசையைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். சீனக் குழந்தைக்கு அது சரி, அதற்குச் சொல்லின் ஒலி வீட்டிலேயே தெரியும். நமக்கோ அச்சில் பார்க்கும் புது எழுத்தை எப்படி உச்சரிப்பது என்றே தெரியாது. ஒலி தெரியாத எழுத்தை ஒலி வரிசையில் எங்கே போய்த் தேடுவது? தெரிந்தாலும் பெரிய வசதி இல்லை. தொனியை விட்டுவிட்டால் சீனத்தில் இருப்பவை சுமார் 400 அசைகள்தான், ஒவ்வொன்றின் கீழும் எழுத்துகள் குவிந்து கிடக்கும்.

ஆகவே உருவத்தை வைத்துத் தேட வேண்டும். அதற்கான வழி பழையது. கி.பி. 100 வாக்கில் ஷூ ஷென் என்ற அறிஞர் தொகுத்த அகராதியிலேயே எழுத்துகள் 540 உறுப்புகளின் கீழ்ப் பிரிக்கப்பட்டிருந்தன. உறுப்பு என்றால் பல எழுத்துகளில் பொதுவாக வரும் துண்டு. 1716-இல் வந்த காங்ஷி அகராதி 47,035 எழுத்துகளை 214 உறுப்புகளில் அடக்கியது. சீனாவின் இன்றைய தரப்பட்டியலில் 201. இந்த உறுப்புக்குச் சீனத்தில் பூஷோ என்று பெயர், நம் பிள்ளைகள் ராடிக்கல் என்பார்கள். 47,035 என்றதும் மிரள வேண்டாம். 2013-இல் சீன அரசு வெளியிட்ட பொது எழுத்துப் பட்டியலில் அன்றாடத் தேவைக்கான முதல் அடுக்கில் இருப்பவை 3,500.

கல்லீரலைக் குறிக்கும் எழுத்தை எடுத்துக்கொள்வோம். இடப்பக்கம் நிலா போன்ற உறுப்பு, வலப்பக்கம் இரண்டு கிடைக்கோடும் ஒரு நெடுங்கோடும். நிலாவை எழுத நான்கு கோடு. உறுப்பு அட்டவணையில் நான்கு கோட்டு வரிசைக்குப் போய் நிலாவைக் கண்டுபிடித்தால், அதன் எழுத்துகள் எந்தப் பக்கத்தில் இருக்கின்றன என்று போட்டிருக்கும். அங்கே மீதிக் கோடுகள் மூன்று உள்ளவற்றில் தேடினால் கிடைத்துவிடும், உச்சரிப்பு ‘கான்’. வலப்பக்கத் துண்டைத் தனியாக வாசித்தாலும் ‘கான்’தான்! அந்தத் துண்டு ஒலிக்காக நிற்கிறது. நிலா போலத் தெரிவது இங்கே நிலா இல்லை, சதை. நுரையீரல், மூளை, இரைப்பை, சிறுநீரகம் எல்லாவற்றிலும் அது இருக்கும். ஒரு தேடலில் ஒரு குடும்பமே அறிமுகமாகிவிடுகிறது. கேமரா இதில் எதையும் காட்டாது.

பெரும்பாலான சீன எழுத்துகள் இப்படிப் பொருளுக்கு ஒரு துண்டு, ஒலிக்கு ஒரு துண்டு என்று அமைந்தவை. நோயைக் குறிக்கும் உறுப்புக்குள் ‘யாங்’ என்ற ஆட்டை வைத்தால் அரிப்பு. அதன் உச்சரிப்பும் ‘யாங்’, தொனி மட்டும் மாறும். அதனால் அகராதியைத் திறக்கும் முன் ஒலியையும் பொருளையும் ஊகிக்கச் சொல்வேன். ஊகம் தப்பவும் செய்யும். சிகிச்சை செய்வதற்கான எழுத்தில் நீர்த்துளிகளுக்குப் பக்கத்தில் நிற்பது ‘தாய்’, வாசிப்பதோ ‘ஜ்ர்’. தப்பினால் தப்பட்டும், தப்பிய எழுத்து மனதில் நன்றாகவே ஒட்டுகிறது.

அப்புறம் வருவதுதான் பெரிய பள்ளம். எழுத்தைக் கண்டுபிடித்ததும் முதலில் கண்ணில் படும் அர்த்தத்தைக் குறித்துக்கொண்டு அகராதியை மூடிவிடுகிறார்கள். ‘ஃபூ’ என்ற எழுத்திலும் இடப்பக்கம் அதே நிலா இருக்கிறது, ஆனால் உடலுறுப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதற்கு உடை என்று பொருள் உண்டு, பணிதல் என்று உண்டு, மருந்தை உட்கொள்ளுதல் என்றும் உண்டு. மருந்துப் பெட்டியில் ‘நெய்ஃபூ’ என்று இருந்தால் உள்ளே சாப்பிடும் மருந்து என்று அர்த்தம். ‘உள்’, ‘உடை’ என்று தனித்தனியாக ஒட்டிப் பார்த்தால் உள்ளாடை ஆகிவிடும். சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் ‘குவோமின்’ என்று ஒரு சொல் இருக்கிறது. முதல் எழுத்துக்குக் கடந்துபோதல், இரண்டாவதற்குச் சுறுசுறுப்பு. சேர்ந்தால் ஒவ்வாமை. பென்சிலின் வகை மருந்துப் பெட்டியில் இதைத் தவறாகப் படித்தால் சிரிக்க முடியாது.

சீன எழுத்தில் சொல்லுக்குச் சொல் இடைவெளி விடுவதில்லை, எங்கே வெட்டுவது என்பது படிப்பவர் பொறுப்பு. அதனால் எழுத்தகராதியில் அர்த்தத்தோடு நிறுத்தாமல், அந்தப் பதிவில் கொடுத்திருக்கும் கூட்டுச் சொற்கள் வரை படியுங்கள். உங்கள் வரியில் அடுத்து நிற்கும் எழுத்து அங்கே துணையாக இருந்தால் அதுதான் நீங்கள் தேடிய சொல். இல்லாவிட்டால் சொல்லகராதிக்குப் போக வேண்டும், அது வேறு புத்தகம்.

மருத்துவ மாணவர்கள் மூன்று சொற்களைக் கட்டாயம் இப்படிப் பார்க்க வேண்டும்: ‘ஷென்யுங்’, ‘ஜியுங்’, ‘ஜின்யுங்’. மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் விளக்கச் சீட்டில் மூன்றும் எச்சரிக்கைகள், ஆனால் எடை வேறு. முதலாவது கொடுக்கலாம், கவனித்துக்கொண்டே கொடுக்க வேண்டும். இரண்டாவது தவிர்ப்பது நல்லது. மூன்றாவது கொடுக்கவே கூடாது. ‘ஷென்’, ‘ஜி’ இரண்டிலும் இதய உறுப்பு உண்டு, ஒன்றில் இடப்பக்கம் நிமிர்ந்து நிற்கும், மற்றதில் அடியில் உட்கார்ந்திருக்கும். ‘ஜின்’னில் அது கிடையாது. மேலோட்டமாகப் பார்த்தால் மூன்றையும் ‘ஜாக்கிரதை’ என்று படித்துவிட்டுப் போய்விடத் தோன்றும்.

எந்த அகராதி வாங்குவது என்று கேட்பார்கள். 1953-இல் முதலில் வந்த ஷின்ஹுவா அகராதி சீனாவில் பள்ளிப் பிள்ளைகள் கையில் இருப்பது. 2015 வரை 56.7 கோடிப் பிரதிகள் என்று கின்னஸில் இடம்பிடித்தது. ஆனால் விளக்கமெல்லாம் சீனத்தில், முதல் வருடத்தில் வாங்கினால் அலமாரியில்தான் இருக்கும். அதுவரை பிளெகோ போன்ற சீன அகராதிச் செயலி போதும். அதில் உறுப்பை வைத்தும் தேடலாம், விரலால் எழுதியும் தேடலாம். கேமரா வசதியும் உண்டு. அதை மட்டும் கொஞ்ச நாள் மறந்துவிடுங்கள்.

தைவானுக்கோ ஹாங்காங்குக்கோ போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே எளிமையாக்கப்படாத மரபு எழுத்து. ‘கேட்டல்’ சீனாவின் எளிய எழுத்தில் வாய் உறுப்பின் கீழ் வரும், மரபில் காது உறுப்பின் கீழ். காங்ஷி முறையிலான அகராதியில் கல்லீரலை நான்கு கோட்டு நிலாவில் தேடினால் கிடைக்காது, ஆறு கோட்டுச் சதை உறுப்புக்குப் போங்கள்.