பயிர்க்கடனுக்கு வட்டி ஏழா, நான்கா, பூஜ்யமா?

மூன்றும் சரிதான். எது உங்களுக்கு என்பது கடனை எங்கே வாங்கினீர்கள், என்றைக்குக் கட்டினீர்கள் என்பதைப் பொறுத்தது.

விவசாயிகளுக்கான கடன் அட்டையான கிசான் கிரெடிட் கார்டு 1998-ல் வந்தது. அதில் 3 லட்சம் ரூபாய் வரை வாங்கும் குறுகிய காலப் பயிர்க்கடனுக்கு வட்டி 7 சதவீதம். இப்படிக் குறைத்துக் கொடுப்பதற்காக வங்கிக்கு மத்திய அரசு 1.5 சதவீதம் மானியம் தருகிறது. கெடுவுக்குள் கட்டி முடித்தால் விவசாயிக்கு இன்னும் 3 சதவீதம் குறையும். ஒரு லட்சத்துக்கு ஓராண்டு வட்டி 7,000 ரூபாய். நாள் தவறாதவருக்கு 4,000. கெடு தாண்டினால் அந்த 3,000 போச்சு. அதோடு, பிந்திய நாட்களுக்கு வங்கியின் வழக்கமான வட்டி ஏறும். அதனால் கடன் வாங்கும் அன்றே கெடு தேதியைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

பூஜ்யம் தமிழ்நாட்டுக் கூட்டுறவுக் கடன் சங்கங்களில். உரிய நாளில் கட்டுபவருக்கு மிச்ச வட்டியையும் மாநில அரசே ஏற்றுக்கொள்கிறது.

எவ்வளவு கிடைக்கும்? பயிர்வாரியாக ஏக்கருக்கு இவ்வளவு என்று மாவட்டத்தில் நிர்ணயித்திருப்பார்கள். அதை உங்கள் சாகுபடிப் பரப்பால் பெருக்கி, வீட்டுச் செலவுக்கு 10 சதவீதமும் பண்ணைப் பராமரிப்புக்கு 20 சதவீதமும் சேர்ப்பார்கள். 2025 ஜனவரி 1 முதல் 2 லட்சம் வரை அடமானம் கேட்கக் கூடாது. முன்பு இது 1.6 லட்சமாக இருந்தது. பயிர்க் காப்பீடும் 2020 முதல் கட்டாயமில்லை. வேண்டாமென்றால் காப்பீட்டில் சேரும் கடைசி நாளுக்கு ஏழு நாள் முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும்.

அரசு ஏன் இதில் தலையிடுகிறது? 1951-52-ல் எடுத்த கிராமக் கடன் கணக்கெடுப்பில், விவசாயிகள் வாங்கிய கடனில் கூட்டுறவின் பங்கு 3 சதவீதம்தான். பெரும்பகுதி வட்டிக்காரர்களிடம் வாங்கியது. 1969-ல் 14 வங்கிகள் நாட்டுடைமையானதும், இன்று வங்கிகள் தம் கடனில் 18 சதவீதத்தை வேளாண்மைக்குத் தர வேண்டும் என்ற விதியும் இந்த வழியில் வந்தவைதான்.

இடிக்கும் இடம் குத்தகைதான். வாய்மொழிக் குத்தகைக்காரரும் விளைச்சலில் பங்கு தருவதாகப் பேசி வாரத்துக்குப் பயிரிடுபவரும் தகுதியானவர்கள் என்றே விதி சொல்கிறது. ஆனால் சிட்டா நில உரிமையாளர் பேரில் இருக்கும். குத்தகையை எழுதிக் கொடுத்தால் குத்தகைக்காரர் நிலத்தில் உரிமை கேட்பாரோ என்று அவர் பயப்படுவார். அப்படி எழுத்து கிடைக்காத குத்தகைக்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்து கூட்டுப் பொறுப்புக் குழுவாகக் கடன் கேட்கலாம். அங்கே ஒருவருக்கொருவர்தான் ஜாமீன்.