ஓடினால் கணக்கு வருமா?

"பையன் கொஞ்சம் குண்டு, படிப்பிலும் மந்தம். விளையாட்டை நிறுத்திவிட்டு டியூஷனில் சேர்க்கலாமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். டியூஷன் உங்கள் விருப்பம். விளையாட்டில் மட்டும் கைவைக்காதீர்கள்.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் நடந்த ஓர் ஆய்வு 2011இல் வெளியானது. ஓடியாடாத, எடை கூடிய 171 குழந்தைகள்; வயது 7 முதல் 11. குலுக்கல் முறையில் மூன்று குழுக்கள். ஒரு குழு வழக்கம்போல் இருந்தது. மற்ற இரண்டும் பள்ளி விட்டதும் 20 அல்லது 40 நிமிடம் ஓட்டம், ஸ்கிப்பிங், பந்து என்று வியர்க்க விளையாடின. சுமார் மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், திட்டமிடும் திறனில் மதிப்பெண் ஏறியிருந்தது. கூடுதலாக ஆடியவர்களுக்குக் கூடுதல் பலன். யாரும் தனியாகச் சொல்லித்தராமலே கணக்கிலும் முன்னேற்றம். வாசிப்பில் மட்டும் மாற்றமில்லை.

அதில் சில குழந்தைகளை ஸ்கேனரில் படுக்கவைத்து ஒரு சோதனை செய்தார்கள். திரையின் ஒரு பக்கம் புள்ளி மின்னும். கண் அதற்கு எதிர்ப்பக்கம் போகவேண்டும். செய்து பாருங்கள், எரிச்சலாக இருக்கும்! பளிச்சென்று தெரிவதை நோக்கித் தாவுவதுதான் கண்ணின் சுபாவம். அந்தத் தாவலுக்குப் பிரேக் போடுவது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் புறணி. உடற்பயிற்சி செய்தவர்களிடம் அந்தப் பகுதி கூடுதலாக வேலை செய்தது. கணக்குப் போடும்போது மனதில் முதலில் தோன்றும் விடையைச் சட்டென்று எழுதிவிடாமல் ஒரு கணம் நிறுத்தவும் இதே திறன்தான் வேண்டும். எடை குறைகிறதா என்பதைவிட இதுதான் எனக்குச் சுவாரசியம்.

எலிகளைச் சக்கரத்தில் ஓடவிட்டால், நரம்பணுக்களை வளர்க்கும் பிடிஎன்எஃப் என்ற புரதம், நினைவுக்கு முக்கியமான மூளைப் பகுதியான ஹிப்போகேம்பஸில் கூடுகிறது. குழந்தைகளின் மூளையை அப்படித் திறந்து பார்க்க முடியாதே! ஸ்பெயினின் கிரனாடாவில் 109 குழந்தைகளை 20 வாரம் பயிற்சி செய்யவைத்த ஆய்வில் (2022) அறிவுத்திறன் மதிப்பெண் உயர்ந்தது. ஆனால் அதற்குக் காரணமான மாற்றம் எதுவும் ஸ்கேனில் சிக்கவில்லை. நினைவாற்றல் டானிக் விளம்பரங்களில் கொட்டும் பணத்தில் கொஞ்சம் இந்த மாதிரி ஆய்வுகளுக்குப் போகக்கூடாதா என்று தோன்றும். பி.டி. பீரியடைப் பிடுங்கிக் கணக்குப் பாடம் நடத்தும் பள்ளிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இன்னொன்று, உங்கள் மகன் தூக்கத்தில் குறட்டை விடுகிறானா? எடை கூடிய குழந்தைகளுக்குத் தூக்கத்தில் மூச்சு அடைபடும் வாய்ப்பு அதிகம். அப்படித் தூக்கம் துண்டு துண்டானால், மறுநாள் வகுப்பில் கவனம் நிற்காது. பார்ப்பவர்கள் அதைத்தான் மந்தம் என்பார்கள். குறட்டை தினமும் இருந்தால், டியூஷனுக்கு முன்பு குழந்தைகள் நல மருத்துவரைப் பாருங்கள்.