மரிஸ்கேரியா: சொல் விளக்கம்

ஸ்பெயினில் பழைய நகரத் தெரு ஒன்றில், வாசலிலேயே கண்ணாடித் தொட்டிக்குள் நண்டும் சிங்கி இறாலும் உயிரோடு நகர்ந்துகொண்டிருந்தால், அந்தக் கடை பெரும்பாலும் ‘மரிஸ்கேரியா’வாக இருக்கும். ‘மீன் உணவகம்’ என்று தமிழில் எழுதிவிடத் தோன்றும். அது பொருந்தாது.

ஸ்பானிய மொழியில் ‘மரிஸ்கோ’ என்பது முதுகெலும்பில்லாத கடலுயிர், அதிலும் சாப்பிடக்கூடியது: நண்டு, இறால், சிப்பி, மட்டி போன்றவை. மீனை ‘பெஸ்காதோ’ என்பார்கள். மரிஸ்கேரியாவில் மீனும் கிடைக்கும்தான், ஆனால் ஆட்கள் தேடி வருவது அதற்காக அல்ல.

வடமேற்கே கலீசியாவில் இருக்கும் சாந்தியாகோ தே கொம்போஸ்தேலாவை எடுத்துக்கொள்வோம். 1985-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்த பழைய நகரம் அது. அங்கே ரூவா தோ ஃபிராங்கோ தெரு முழுக்க உணவகங்கள். பேய்க்கணவாயை (ஆக்டோபஸ்) வேகவைத்து, கத்தரிக்கோலால் துண்டு துண்டாக வெட்டி, மரத்தட்டில் வைத்து, கல் உப்பும் மிளகாய்த்தூளும் தூவி, ஆலிவ் எண்ணெய் ஊற்றித் தருவார்கள். பல்குச்சியால் குத்திச் சாப்பிட வேண்டும். ‘பெர்சேபெஸ்’ இன்னும் விசேஷம். அலை மோதும் பாறையில் ஒட்டி வளரும் உயிர் அது, பார்க்க ஏதோ விலங்கின் நகம் மாதிரி இருக்கும். தோலைத் திருகி உரித்தால் உள்ளே இளஞ்சிவப்புச் சதை. உரிக்கும்போது உப்புநீர் சட்டையில் தெறிக்கும், கவனம்! அதைப் பாறையிலிருந்து பெயர்த்தெடுப்பது உயிரைப் பணயம் வைக்கிற வேலை, அதனால் விலையும் அதிகம். உணவுப் பட்டியலில் இத்தகைய பண்டங்களுக்கு நேரே விலைக்குப் பதிலாக ‘செகூன் மெர்காதோ’ என்று எழுதியிருப்பார்கள். அன்றைய சந்தை விலை என்று அர்த்தம். எடைக்கு என்ன விலை என்று முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

சரி, சொல்லின் வேருக்கு வருவோம். லத்தீனில் ‘மாரே’ என்றால் கடல். அதிலிருந்து வந்த ‘மரிஸ்கோ’ முன்பு ‘கடல் சார்ந்த’ என்ற பொருளில் வழங்கிய பெயரடை. பிறகு கடலுயிரின் பெயராகவே நிலைத்துவிட்டது. ‘-ஏரியா’ என்பது கடையை, தொழில் நடக்கும் இடத்தைக் குறிக்கும் விகுதி. ரொட்டிக்கடை ‘பனதேரியா’, மீன்கடை ‘பெஸ்கதேரியா’.

தமிழில் ‘கடலுணவகம்’ என்பதே என் தேர்வு. ‘மாரே’வுக்குக் கடல் இருக்கிறது. ‘-ஏரியா’வின் வேலையை நூலகம், மருந்தகம் என்று நாம் புழங்கும் ‘அகம்’ செய்துவிடுகிறது. ‘ஓட்டுமீன் உணவகம்’ என்றால் இன்னும் துல்லியம் போலத் தெரியும், ஆனால் ஓடே இல்லாத பேய்க்கணவாய் அதில் அடங்காது. மீனும் கடலுணவுதானே என்று கேட்டால், உண்மைதான். அந்த வேறுபாடு முக்கியமான இடத்தில் ‘நண்டு, சிப்பி வகைக் கடலுணவகம்’ என்று விரித்து எழுதலாம்.

இதே வேரில் இன்னும் இரண்டு சொற்கள் உண்டு. பலவகை மரிஸ்கோவை ஒரே பெரிய தட்டில் அடுக்கித் தருவது ‘மரிஸ்காதா’. கடலுணவுப் பெருந்தட்டு எனலாம். ‘மரிஸ்கதோரா’ என்பவர், கடல்நீர் வற்றும் நேரத்தில் கரைமணலைக் கிளறி மட்டி பொறுக்கும் பெண். கலீசியாவில் இந்தத் தொழிலில் பெரும்பாலோர் பெண்களே. ‘மட்டி எடுப்பவர்’ என்றே எழுதலாம்.